அப்பா அணைக்குள் இறங்கிய கோடை

என் வயதுப் பெண்கள் சேலையைக் கொஞ்சம் விலக்கி இடது இடுப்பைப் பாருங்கள். எலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். போன மாதம் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். சின்ன வயசு. அவருக்குத் தெரிய நியாயமில்லை. "சர்க்கரை இல்ல டாக்டர், குடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

தூத்துக்குடியில் கடற்கரைத் தெருக்களில் வளர்ந்த நமக்குக் கடல் வாசலில் கிடந்தது. குடிக்கிற தண்ணீர் மட்டும் நாள் கணக்கில் பயணம் செய்து வரவேண்டியிருந்தது. மலையில் புறப்பட்டு, ஆற்றில் இறங்கி, வயல்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சம் குழாயில் ஏறி, கடைசியாக நம் தெருமுனைக்கு வரும். அப்போது அதை நான் யோசித்ததே இல்லை. குழாய்க்குள்ளேதான் தண்ணீர் இருக்கிறது, யாரோ அதை மூடி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடையில் அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடத்தைப் பார்க்க நேர்ந்தது. அங்கே நடந்ததை என் பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு வருஷமாக ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றியிருந்தது. தெருக்குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்தாலும் நூல் மாதிரிதான். வரிசையில் ஆளுக்குப் பதிலாகக் குடங்கள் நிற்கும். எங்கள் பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஒரு நெளிவு இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். மற்ற நாளெல்லாம் கிணற்று உப்புத்தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரளும். காப்பி குடித்தால்கூடக் கண்ணீரைக் குடிப்பது போல இருக்கும்.

என் தம்பி எட்டு மாதக் குழந்தை. அந்தத் தண்ணீர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றோட்டம் நிற்காமல் கண் உள்ளே போய்விட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். "கிணத்துத் தண்ணி குடுக்காதீங்கம்மா" என்று டாக்டர் சொன்னாராம். "வேற தண்ணிக்கு நான் எங்கன போவேன் சார்?" என்று அம்மா கேட்டாளாம். அவர் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டாராம்.

அப்பா சங்கு குளிக்கிறவர். இளவட்டமாக இருந்தபோது கடைசி முத்துக்குளிப்பிலும் மூழ்கியவர். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தை நம் ஆட்கள் ஒரு பாகம் என்பார்கள். அப்பா ஒன்பது பாகம் சர்வசாதாரணமாக இறங்குவார். முத்துக்குளிப்புக் காலத்துக் கல் ஒன்று அவரிடம் இருந்தது. முயல் அளவுக்கு இருக்கும் சாம்பல் நிறக் கல், ஒரு முனையில் துளை. துளையில் கயிற்றைக் கோத்து, அதில் கால் மாட்டிக்கொண்டு இறங்கினால் நேரே அடிமட்டம். மற்றவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. அது வீட்டில் அரிசிப்பானைக்குப் பக்கத்தில் இருக்கும், நான் அதன்மேல் உட்கார்ந்து பாடம் படிப்பேன்.

இடுப்பில் கட்டிய இன்னொரு கயிறு மேலே படகில் இருக்கும். அதைப் பிடிக்கிறவர் மாமா, அம்மாவின் தம்பி. மூழ்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்று நம் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பேச்சு குறைவு. ஆனால் கயிற்றில் வருகிற ஒவ்வொரு அசைவும் என்னவென்று அவருக்குத் தெரியும். "இப்ப குனியிறாவ… இப்ப சங்கு கெடச்சிட்டு…" என்று படகில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம்.

ஒருநாள் காலையில் எங்கள் தெருவுக்குள் ஜீப் வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஓவர்சியர் ஒருவர் இறங்கி அப்பாவைக் கேட்டார். விஷயம் இதுதான். மலையில் உள்ள பெரிய அணைகள் எல்லாம் தரை தட்டிவிட்டன. ஆனால் மேலே ஒரு சின்ன அணை இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. காட்டு ஓடை ஒன்று அதற்குள் விழுந்துகொண்டே இருப்பதால் அதில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. அதைத் திறந்து ஆற்றில் விட்டால் மழை வரும்வரை தூத்துக்குடிக்காரர்கள் குடிக்கவாவது ஆகும். ஆனால் மதகின் ஷட்டர் திறக்கவில்லை.

"ஒரு சாண் ஏத்தினோம் அண்ணாச்சி. அடியில எதுவோ வந்து சிக்கிக்கிட்டு. மேலயும் வரமாட்டேங்கு, கீழயும் எறங்கமாட்டேங்கு" என்றார் ஓவர்சியர். "தண்ணிக்குள்ள எறங்கி அது என்னன்னு பாக்க அங்க ஆளில்ல. கடல்ல ஒன்பது பாகம் போறவுக நீங்க. இது நாலு பாகந்தான்."

அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. "கடலு எனக்குத் தெரியும் சார். மலைத்தண்ணிய நான் கண்டதில்லையே."

"பிள்ளைங்க எல்லாம் ஆஸ்பத்திரியில கெடக்கு அண்ணாச்சி."

அவருக்குத் தம்பியைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. பொதுவாகத்தான் சொன்னார். அப்பா உள்ளே போய்க் கல்லை எடுத்து வந்தார். அம்மா ஆஸ்பத்திரியில், என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு ஆளில்லை. அதனால் அப்பாவோடும், கயிறு பிடிக்க வந்த மாமாவோடும் நானும் ஜீப்பில் ஏறினேன்.

நம் ஊருக்கு மேற்கே இருக்கிற புதுக்கோட்டையைத் தாண்டும்வரை உப்பளக் காற்று கூடவே வந்தது. அதன்பிறகு அந்த வாசனை நின்றது. பிறந்ததிலிருந்து மூக்கில் இருந்த ஒன்று காணாமல் போனது மாதிரி இருந்தது எனக்கு. ஆற்றுப் பாலத்தில் டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். கீழே வெறும் மணல். பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றுக் குழிக்குள் சிரட்டையை விட்டு மொண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மாமா அதைப் பார்த்து, "இங்கனயே இப்படின்னா, நமக்கு எங்கன வரும்?" என்றார். அப்பா மடியில் இருந்த கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

மலை ஏறி அணைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அணை என்றதும் கடலுக்குச் சுவர் கட்டியது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். நம் தெரு நீளத்துக்கு ஒரு கருங்கல் சுவர்தான் இருந்தது. அதன் ஒரு பக்கம் பச்சையாகத் தண்ணீர், மலை இடுக்குக்குள் வளைந்து மறைந்தது. மறுபக்கம் பாறை. சுவர் நடுவில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. அதற்குள் ஒரு பெரிய இரும்புச் சக்கரம். அதைச் சுற்றினால் நீளமான திருகுக் கம்பி ஏறி இறங்கும், கம்பியின் அடியில், தண்ணீருக்குள் ஷட்டர்.

நான் கரையில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். குளிர்ந்திருந்தது. இலை ஊறிய வாசனை. உப்பே இல்லை. நிறுத்த முடியவில்லை. அணையைக் காவல் காக்கிற லஸ்கரின் மனைவி பின்னால் வந்து, "ஏளா, போதும், வயித்த வலிக்கும். அது எங்கயும் ஓடிராது" என்று சிரித்தாள். சாயங்காலம் எனக்குத் தலைக்குக் குளிப்பாட்டிவிட்டாள். சோப்பு அப்படி நுரைக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நுரை கீழே வழிந்து ஓடியபோது ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மாவின் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். கண்ணில் சோப்புப் பட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பா அன்றே இறங்கினார். காலி டிரம்களைக் கட்டி ஒரு மிதவை செய்து சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். மேலிருந்து அதற்கு இரும்பு ஏணி. நான் சுவர்மேல் லஸ்கர் மனைவியின் குடைக்குள் உட்கார்ந்திருந்தேன். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். கல் கயிற்றில் காலை மாட்டினார். போய்விட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காவது தடவை மேலே வந்தபோது அப்பாவின் உதடு ஊதா நிறமாக இருந்தது. "கடலு நம்மளத் தூக்கிக் குடுக்கும். இது உள்ள வாங்குது" என்றார். "கண்ணு தெரியல. எல்லாம் கைத்தடவல்தான்."

அங்கே இருந்த என்ஜினீயர் வயதில் சின்னவர். மேலிடத்திலிருந்து தினமும் யாராவது அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள் போல. "என்னங்க இருக்கு உள்ள?" என்று பதறினார்.

"மரம் சார். வேரோட வந்திருக்கு. ஒரு கெள மட்டும் ஷட்டருக்கு அடியில மாட்டியிருக்கு. அதச் சுத்திச் சவதிச் சேறும் சருகும் அடைச்சுக் கெடக்கு. கெளய அறுத்தாப் போதும்."

லஸ்கர் வயதானவர். மெதுவாகச் சொன்னார்: "சார், கெள போனதும் அடைப்பும் போயிரும். ஒரு சாண் தொறந்திருக்கு. அத்தனை தண்ணியும் அந்தச் சாணுக்குள்ள பாயும். ஆளு பக்கத்துல இருந்தா இழுத்துச் சொவத்தோட ஒட்டிரும்."

"ஒரு சாண்தானே. ஆளா உள்ள போயிருவாரு?" என்றார் என்ஜினீயர்.

அப்பா லஸ்கரைப் பார்த்தார், என்ஜினீயரைப் பார்த்தார். "கெள அறுந்ததும் நான் மேல வந்திருவேன். என் வேகம் எனக்குத் தெரியும்" என்றார்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. கடலில் அவர் வேகம் அவருக்குத் தெரியும். இப்போது யோசிக்கும்போது, அங்கே இருந்த எல்லாருமே நல்லவர்களாகத்தான் இருந்தார்கள் என்று தோன்றுகிறது. எல்லாருக்கும் அவசரம் இருந்தது. பயப்பட உரிமை உள்ளவர் மாமா ஒருவர்தான். அவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபிறகு அப்பா ரம்பத்தோடு இறங்கினார். ஒரு மூச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அப்பாவிடமிருந்து சைகை எதுவும் வராமலே மாமா மளமளவென்று கயிற்றை இழுத்தார். அப்பா தண்ணீருக்கு மேலே வந்து மிதவையைப் பிடித்து மூச்சு வாங்கினார். பிறகு கத்தினார்.

"நான் இழுக்கச் சொன்னேனா? சொன்னேனாலே?"

"கயிறு ஒரு பக்கமாப் போச்சு மச்சான். சொவத்துப் பக்கமா. யாரோ பிடிச்சு இழுக்க மாதிரி இருந்துச்சு."

"ரெண்டு இழுப்புல அறுந்திருக்கும். ரம்பம் உள்ள விழுந்துட்டு தெரியுமா?"

"வேண்டாம் மச்சான். தண்ணி இழுக்கு. அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்."

"பயந்தாங்கொள்ளி" என்றார் அப்பா. என்ஜினீயர், ஓவர்சியர், கூலியாட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "கயித்துல நின்னவன் பேசுத பேச்சா இது? குடுலே. லஸ்கர் அண்ணாச்சி, நீங்க பிடிங்க."

மாமா கயிற்றைக் கொடுக்கவில்லை. அப்பா அவர் கையிலிருந்து பிடுங்கினார். உள்ளங்கை உரசியிருக்க வேண்டும், மாமா கையை உதறினார். ஏணியில் ஏறி மேலே வந்தார். என்னைக் கடந்துதான் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் பயந்தவராக ஆகிவிட்ட மாமா எனக்கு வேண்டாதவராகத் தெரிந்தார். அவர் தகரக் கூரை அறைக்குள் போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

வேறொரு ரம்பம் வந்தது. அப்பா இறங்கினார்.

முதலில் கேட்டது சத்தம்தான். அணைக்கு மறுபக்கம், இவ்வளவு நாளும் கசிந்துகொண்டிருந்த மதகு வாயிலிருந்து லாரி நிறையக் கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம். என்ஜினீயர் "வந்துட்டு! வந்துட்டு!" என்று குதித்தார். அப்போது மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிறு கம்பி மாதிரி விறைத்து நேரே சுவருக்குள் போனது. லஸ்கரும் இரண்டு கூலியாட்களும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. ஓவர்சியரும் பிடித்தார். "இழுங்க! இழுங்க!" என்று எல்லாரும் கத்தினார்கள். தண்ணீரில் குமிழி வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

நான் எழுந்து நின்றேன்.

"எறக்கணும்! ஷட்டர எறக்கணும்!" என்று மிதவையிலிருந்து லஸ்கர் கத்தினார். கூரை அறைப் பக்கம் திரும்பினேன். மாமா ஏற்கெனவே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கமாக இரண்டு பேர் சுற்றுகிற சக்கரம். அவர் தோளைக் கொடுத்து, காலைச் சுவரில் உதைத்துச் சுற்றினார். லஸ்கரின் மனைவி குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எதிர்ப்பக்கம் பிடித்தாள். திருகுக் கம்பி அரை அரை விரலாகக் கீழே இறங்கியது. மறுபக்கத்துச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, சீறலாகி, நின்றது. நின்ற நொடியில் கயிறு தளர்ந்து, மிதவையில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். அப்பா மேலே வந்தார். மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. இருமினார். மாமா கூரை அறையிலிருந்து வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது சக்கரத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கல் அந்த அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. கூடவே அவருடைய இடது காதும் போயிற்று. அதன்பிறகு அப்பா ஆழத்துக்கு இறங்கவே இல்லை. துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்தார்.

மறுநாள் காலை ஷட்டரை முழுதாக ஏற்றினார்கள். தண்ணீர் வெள்ளையாகப் பாறைமேல் குதித்துக்கொண்டு போயிற்று. "போய்ச் சேர ஒரு வாரம் ஆகும்" என்றார் லஸ்கர். "காஞ்ச மணல் பாதியக் குடிச்சிரும். மிச்சந்தான் உங்களுக்கு." நாங்கள் ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் விடிகாலையில் குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. பெண்கள் முகம் சுளித்தார்கள். நான் குனிந்து மோந்து பார்த்தேன். இலை வாசனை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பே தம்பி தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். அவனைப் பிழைக்க வைத்தது ஆஸ்பத்திரி குளுக்கோஸ்தான். எங்கள் தண்ணீர் வேறு பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

எங்களுக்கு முன்னால் கதை ஊருக்கு வந்துவிட்டிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. மச்சினன் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டான், மலைக்காரர்கள்தான் இழுத்துக் காப்பாற்றினார்கள் என்பது கதை. அப்பா அதைக் கேட்டுத் துடித்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னார். "நான்தான் கயித்தப் பிடுங்கினேன். அவன்தான் சக்கரத்தச் சுத்தி என்னைக் காப்பாத்தினான்." காது கேட்காததால் சத்தம் போட்டுச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு நகர்ந்துபோய், "மச்சினன விட்டுக்குடுக்க மனசு வரல, பாவம். தங்கமான மனுஷன்" என்று பேசிக்கொண்டார்கள். அப்பா சொல்லச் சொல்ல அப்பாவின் மதிப்புத்தான் கூடியது. மாமாவுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

அந்தச் சமயம் மாமாவுக்குப் பக்கத்து ஊரில் பெண் பேசியிருந்தார்கள். மாமாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெயர் வந்தாலே காது சிவக்கும். ஒருநாள் பெண்ணின் அம்மா கோவில் வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டாள். கையில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்தாள்.

"ஏளா, நீயும் அங்கனதான இருந்தா?"

"ஆமா."

"பொய் சொல்லக்கூடாது. மாதா பாக்காக. உங்க மாமன் கயித்த விட்டுட்டு மேல ஏறிப் போனது நெசமா?"

நான் பொய் சொல்லாத பிள்ளை. "ஆமா, போனாவ. ஆனா…" என்றேன்.

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவள் கேட்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அந்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது. ஏன் என்று வீட்டில் எல்லாரும் பேசினார்கள். நான் பேசவில்லை. கடலை மிட்டாயைக் கிணற்றில் போட்டேன்.

கடலில் மாமாவைக் கயிறு பிடிக்க யாரும் கூப்பிடவில்லை. மழைக்காலம் வருமுன் அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு மலைக்கே போய்விட்டார். லஸ்கருக்கு வயதாகிவிட்டதால் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது, அந்தச் சின்ன என்ஜினீயர்தான் வேலை போட்டுக் கொடுத்தார். லஸ்கர் ஓய்வு பெற்றதும் மாமாவே லஸ்கர் ஆனார். அடிவாரத்து ஊரில் பெண் கட்டினார். முப்பது வருஷத்துக்குமேல் அந்தச் சக்கரம் அவர் கையில்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், கோடையில் நம் தெருக்குழாயில் நாம் பிடித்த தண்ணீரில் கொஞ்சமாவது அவர் திறந்துவிட்டதாக இருக்கும். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர்களும் அதைத்தான் குடித்தார்கள். அப்பா வருஷத்துக்கு ஒருதடவை பஸ் ஏறி அவரைப் பார்த்துவிட்டு வருவார். இருவரும் அந்தத் தகரக் கூரைக்குள் உட்கார்ந்து பீடி பிடிப்பார்களாம். பேசமாட்டார்களாம்.

அப்பாவும் அம்மாவும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இந்த வருஷம் சித்திரையில் நான் மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்குகிறார். அடிவாரத்து வீட்டில், முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை அடுப்படியில் இருந்தாள். இத்தனை காலம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். கடலை மிட்டாயிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். "நான்தான் மாமா ஒங்க கல்யாணத்தக் கெடுத்தேன்."

மாமா காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார்.

"நீ சொன்னதுல பொய்யில்லையே. விட்டுட்டுத்தான போனேன்."

"எங்க போனிய? சக்கரத்துக்குப் பக்கத்துல போய்த்தான நின்னிய? தண்ணி இழுத்தா ஷட்டர எறக்கணும்னு தெரிஞ்சுதான போனிய? நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"நீ அப்படியா சொன்னா?" மாமா சிரித்தார். பல் ஒன்றிரண்டுதான் மிச்சம். "எனக்கு அப்ப ஷட்டரப் பத்தி என்னளா தெரியும்? வெயிலு மண்டையப் பொளந்துச்சு. அங்கன கூரை இருந்துச்சு. நெழலுக்குப் போய் நின்னேன்."

நான் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். அந்தச் சத்தம் நிக்கணும், அவ்வளவுதான். கையில சக்கரம் இருந்துச்சு. சுத்தினேன். மச்சான் கை அந்த இடுக்குக்குள்ள இருந்தா நறுங்கிப் போயிரும்னும் நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் சுத்தினேன்."

"எப்படியும் நீங்கதான மாமா காப்பாத்தினிய, ஊர்ல சொன்னது பொய்னு…"

"ஏளா, கேளு." அவர் குரலைத் தாழ்த்தி அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கூரைக்குள்ள நிக்கும்போது, அவரு மறுபடி எறங்கினாருல்லா? அப்ப நான் கீழ எட்டிக்கூடப் பாக்கல. போயித் தொலையட்டும்னு நெனச்சேன். அத்தன பேரு முன்னால அப்படிச் சொன்னாரே, கெடந்து சாவட்டும்னு. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்துலதான் சத்தம் வந்துச்சு."

வெளியே ஏதோ வண்டி போயிற்று. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரு சொன்னதுக்காக நான் மலைக்கு வரல. அவுக என்னத்தையோ சொன்னாக. எனக்குத் தெரிஞ்சது அவுகளுக்குத் தெரியாதுல்லா. கடல்ல இன்னொருத்தன் கயித்தப் பிடிக்க எனக்குக் கை வரல. இங்கன வந்து அந்தச் சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டேன். முப்பத்துநாலு வருஷம், ஒருநாளும் கோவத்துல அதவிட்டு எந்திரிச்சுப் போனதில்ல."

"அப்பாட்ட சொன்னியளா?"

"அவரு வருஷா வருஷம் வருவாரு. சொல்லணும்னு நெனப்பேன். அவரும் எதையோ சொல்லணும்னுதான் வருவாரு போல. ரெண்டு பேரும் சொல்லல."

அத்தை உள்ளேயிருந்து சோறு வடித்தாகிவிட்டது என்று குரல் கொடுத்தாள். மாமா கட்டிலைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"ஏளா, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.